ஃபில்டரே இல்லாத பழைய ஃபோர்ட் எஞ்சினுக்கு எலிமெண்ட் ஃபில்டர் பூட்டுவது

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். தாத்தா விட்டுப்போன 1948ஆம் ஆண்டு ஃபோர்ட் பிரிஃபெக்ட் வீட்டில் ஓடுகிற நிலையில் இருக்கிறது. எஞ்சினில் ஒயில் ஃபில்டர் கிடையாது. பழைய லொறி ஒன்றிலிருந்து கழற்றிய ஃபில்டர் ஹவுசிங் ஒன்று, உள்ளே எலிமெண்டை, அதாவது ஒயிலை வடிக்கும் காகித மடிப்பு உருளையை மட்டும் மாற்றுகிற வகை, கைக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பூட்டலாமா? கராஜ் பாஸ் (மெக்கானிக்) சொல்வதுபோல எல்லா ஒயிலும் அதற்குள்ளால் போகும்படி பூட்ட வேண்டுமா? ஹட்டன் ஏற்றத்தில் எஞ்சினுக்கு ஏதும் ஆகுமா? காரின் பழமை கெட்டுப்போய்விடுமா?

பூட்டலாம் தம்பி, கட்டாயம் பூட்டுங்கள். ஆனால் பாஸ் சொல்கிற முறையில் வேண்டாம். ஒயிலில் ஒரு சிறு பங்கை மட்டும் பக்கவாட்டில் எடுத்து, ஃபில்டருக்குள்ளால் விட்டு, திரும்ப எஞ்சினுக்குள் கொட்டுகிற பைபாஸ் முறைதான் உங்கள் எஞ்சினுக்குப் பொருத்தம். அதிலும் ஒயில் எடுக்கிற இணைப்புக்குள் போடும் ஒன்றரை மில்லிமீட்டர் துளைதான் முழு வேலையின் உயிர். ஹவுசிங் எந்தக் கம்பனியுடையது, பைப் செம்பா இரும்பா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற விஷயங்கள்.

முதலில் இந்த எஞ்சினைப் புரிந்துகொள்ளுங்கள். 1172 சி.சி., பக்க வால்வு, பத்துக் குதிரை வலு என்று அந்தக் காலத்தில் சொன்ன எஞ்சின் இது. பிஸ்டன் விட்டம் 63.5 மில்லிமீட்டர், ஓட்டம் 92.5 மில்லிமீட்டர். கனெக்டிங் ரொட்டிலும் பிளாக்கிலும் வைட் மெட்டலை உருக்கி வார்த்த பேரிங்குகள். இப்போதைய எஞ்சின்போல பேரிங் ஷெல் வாங்கி மாற்றிவிட முடியாது. தேய்ந்தால் பழைய உலோகத்தை எடுத்து, புதிதாக வார்த்து, கடைந்து அளவெடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த பாஸ்மார் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

வைட் மெட்டல் மென்மையானது. ஒயிலில் வரும் மணல் துணுக்கு அதில் போய்ப் பதிந்துகொள்ளும். பேரிங்கைப் பார்த்தால் பெரிய சேதம் ஒன்றும் தெரியாது. ஆனால் பதிந்த துணுக்கு அங்கேயே இருந்துகொண்டு, சுழல்கிற கிராங்கை அரம்போலத் தேய்க்கும். அதனால்தான் இப்படிப்பட்ட எஞ்சின்களைப் பிரிக்கும்போது பேரிங் ஓரளவு நன்றாகவும் கிராங்க் வரிவரியாகவும் இருக்கக் காண்கிறோம். சம்புக்குள், அதாவது எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டிக்குள் இருக்கும் கம்பிவலை ஒயிலை வடிக்கிறதே என்று கேட்கலாம். அந்த வலை பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிற குப்பையை மட்டும். கிராங்கைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத தூசு.

அந்தத் தூசுக்கு நம்முடைய பக்கத்தில் குறைவில்லை. தோட்டத்து டிவிஷன் பாதைகளில் வெயில் நாளில் லொறி ஒன்றின் பின்னால் போனால் போதும். போதாததற்கு நம் ஓட்டங்கள் பெரும்பாலும் குறுகிய ஓட்டங்கள். காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணி, டவுனுக்குப் போய், எஞ்சின் முழுதாகச் சூடேறும் முன்பே நிறுத்திவிடுகிறோம். எரிபொருளிலிருந்து வரும் நீராவி எஞ்சினுக்குள்ளேயே குளிர்ந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கால முடிவில் பெரும்பாலும் இருக்கும். அது புகைக்கரியோடு சேர்ந்து சேறாகும். இந்தச் சேறு ஃபில்டரை வேகமாக அடைக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, ஏன் பைபாஸ்?

ஒயில் ஃபில்டர் பூட்டுவதில் இரண்டு முறை உண்டு. முழு ஓட்ட முறையில் பம்ப் தள்ளும் ஒயில் முழுவதும் ஃபில்டரைத் தாண்டித்தான் பேரிங்குக்குப் போகும். மொரிஸ் மைனர் 1000இன் 948 சி.சி. எஞ்சினில் இருப்பது இதுதான். மலையகத்தில் மைனர் இன்னும் நிறைய ஓடுவதால், பாஸ்மாருக்குப் பழக்கமான ஃபில்டரும் அதுவே. அந்த எஞ்சினை வடிவமைத்தவர்களே ஃபில்டருக்கு இடம் வைத்தார்கள். நல்ல நிலையில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் வரை அழுத்தம் காட்டும். எலிமெண்ட் அடைபட்டால் ஒயில் சுற்றிப் போக ஃபில்டர் தலையிலேயே ஒரு வால்வும் உண்டு.

உங்கள் ஃபோர்டில் அப்படி ஒன்றும் இல்லை. நல்ல நிலையிலேயே 30 இறாத்தல் அளவுதான் அழுத்தம். முழு ஓட்ட முறைக்கு மாற்ற வேண்டுமென்றால் பிளாக்குக்குள் ஒயில் போகும் வழியை ஒரு இடத்தில் அடைத்து, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். அதாவது எழுபது வருடத்துக்கு மேற்பட்ட வார்ப்பிரும்பில் துளை போட வேண்டும். போட்டுவிட்டாலும் பிரச்சினை தீராது. வெளியே போகும் பைப் ஒன்று வெடித்தால் பேரிங்குக்கு ஒரு சொட்டும் போகாது. எலிமெண்ட் அடைபட்டு வால்வு சரியாக வேலை செய்யாவிட்டாலும் அதே கதை. எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டுகிற நேரத்தில், அளவெடுத்து வேலை செய்யத் தெரிந்தவர் கையில், இதைச் செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பைபாஸ் முறையில் பேரிங்குக்குப் போகும் பாதையைத் தொடவே மாட்டோம். கேலரியிலிருந்து, அதாவது பிளாக்குக்குள் ஒயில் ஓடும் வழியிலிருந்து ஒரு கிளை எடுக்கிறோம், அவ்வளவுதான். ஃபில்டர் முழுதாக அடைபட்டால் கிளையில் ஓட்டம் நிற்கும். எஞ்சின் முன்பு ஓடியதுபோலவே ஓடும். கார்களுக்கு முதன்முதலில் வந்த ஒயில் ஃபில்டரும் இந்த வகைதான். அமெரிக்காவில் ஏர்னஸ்ட் ஸ்வீட்லண்டும் ஜோர்ஜ் கிரீன்ஹால்கும் 1923இல் கொண்டுவந்த பியூரோலேட்டர் அது. சுழற்றிப் பூட்டி, முடிந்ததும் கழற்றி எறிகிற டப்பா ஃபில்டர் 1950களில்தான் வந்தது. உங்கள் கார் அதற்கு மூத்தது.

‘கொஞ்ச ஒயில்தானே வடிகிறது, அதில் என்ன பிரயோசனம்’ என்று பாஸ் கேட்பார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 இறாத்தல் அழுத்தத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் துளைக்குள்ளால் சூடான ஒயில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லீட்டர் போகும். சம்பில் இருப்பதே சில லீட்டர்தான். கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சம்பில் உள்ள அளவு பல தடவை ஃபில்டரைத் தாண்டிவிடும். இன்னொன்று: பைபாஸில் ஒயில் மெதுவாகப் போவதால் நெருக்கமான எலிமெண்ட் போடலாம். பேரிங்குக்குப் போகும் ஓட்டத்தை அது தடுத்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

இப்போது அந்தத் துளை. மூன்று மில்லிமீட்டர் துளை போட்டால் என்ன ஆகும்? விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்கு. நிமிடத்துக்கு நாலு லீட்டர் கிளையில் ஓடிவிடும். எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்ப் சமாளிக்கும். ஆனால் ஏற்றம் ஏறி முடித்து, ஒயில் கொதித்துத் தண்ணீராக இளகி, ஹட்டன் டவுனில் பஸ்ஸுக்குப் பின்னால் ஐட்லில் நிற்கும்போது? பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, தேய்ந்த பேரிங்குகள் ஒயிலைக் கசிய விடுகின்றன, போதாததற்கு நாம் ஒரு பெரிய வாய்க்காலையும் வெட்டி வைத்திருக்கிறோம். கேஜ் முள் கீழே விழும். பைபாஸ் ஃபில்டர் பூட்டியதும் பிரஷர் போய்விட்டது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். துளையே போடாமல் பைப்பை நேராக இணைத்திருப்பார்கள்.

பழைய பைபாஸ் ஹவுசிங்குகள் பலவற்றில் இந்தத் துளை உள்ளேயே இருக்கும், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவில். உங்களுடையது லொறியின் முழு ஓட்ட ஹவுசிங்காக இருந்தால் இருக்காது. இரண்டு வாயையும் பாருங்கள். சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவில் நேராகத் திறந்திருந்தால் துளையை நாம்தான் போட வேண்டும்.

எங்கே போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. ஃபில்டருக்குப் பிறகு போட்டால் துளைக்கு வருவது வடித்த ஒயில், அது அடைபடாது என்பது ஒரு வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நான் பிளாக்குக்குப் பக்கத்தில், ஃபில்டருக்கான கிளை தொடங்குகிற முதல் இணைப்பிலேயே போடச் சொல்வேன். காரணம் நம் பாதைகள். குலுங்கிக் குலுங்கிப் போகும்போது ஹோஸ் ஒன்று அறுந்தால், துளை முன்னால் இருக்கிறபோது வெளியேறுவது நிமிடத்துக்கு ஒரு லீட்டர். சம்ப் காலியாகுமுன் புகையோ மணமோ தெரிந்து நிறுத்த உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். துளை பின்னால் இருந்தால் முழு அழுத்தத்தில் ஒயில் பீறிடும், அதுவும் சூடான எக்சோஸ்ட்டுக்குப் பக்கத்தில். ஒன்றரை மில்லிமீட்டர் துளையை அடைக்கிற அளவு குப்பை கேலரிக்குள் ஓடிக்கொண்டிருந்தால், பிரச்சினை ஃபில்டரை விடப் பெரிது.

செய்வது எளிது. ஒரு பித்தளை இணைப்பை எடுத்து, உள்ளே ஈயப் பற்றாலோ பித்தளைப் பற்றாலோ அடைத்து, நடுவில் புதிய 1.5 மில்லிமீட்டர் டிரில்லால் துளையுங்கள். லேத் இருக்கிற கடையில் கொடுத்தால் ஒரே துண்டாகக் கடைந்தே தருவார்கள். உங்கள் பக்கம் டீ ஃபெக்டரி ஃபிட்டர் ஒருவர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, அவர்களுக்கு இந்த மாதிரிச் சின்ன வேலையில் கை சுத்தம். துளைத்த பிறகு உள்ளே பிசிறு நிற்காமல் ஊதிக் கழுவுங்கள்.

மரை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒயிலை எடுக்க வசதியான இடம் பிரஷர் கேஜுக்கோ சிவப்பு லைட் ஸ்விட்சுக்கோ ஒயில் வருகிற துளை. அங்கே ஒரு டீ இணைப்பு வைத்தால் இரண்டுக்கும் போதும். அந்தத் துளையின் மரை பிரிட்டிஷ் பைப் மரையா, அமெரிக்கப் பைப் மரையா என்று பார்க்க வேண்டும். எட்டில் ஒரு அங்குல அளவில் பிரிட்டிஷ் மரைக்கு அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரைக்கு 27. மரையின் கோணமும் வேறு: ஒன்று 55 பாகை, மற்றது 60. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் மற்றதைப் போட்டால் முதல் இரண்டு மூன்று சுற்று வழுவழுவென்று போகும், பிறகு இறுகும். ‘நன்றாக இறுகிவிட்டது’ என்று நினைத்து ஸ்பானரைப் போட்டு இழுத்தால் பிளாக்கின் மரை போய்விடும். ஃபோர்ட் அமெரிக்கப் பரம்பரை, ஆகவே அமெரிக்க மரையாக இருக்கலாம். இத்தனை வருடத்தில் யாராவது வேறு மரை வெட்டியிருக்கவும் கூடும். இப்போது அங்கே இருக்கிற இணைப்பைக் கழற்றி, மரை கேஜை வைத்து அளந்து, அதையே கடைக்கும் கொண்டுபோங்கள். கண்டியிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கிற கடைகளில் இரண்டு வகை இணைப்பும் எடுக்கலாம். வாயால் விளக்காமல் பொருளைக் காட்டி வாங்குங்கள்.

திரும்பி வரும் ஒயிலை எங்கே விடுவது? சம்பில் ஒயில் மட்டத்துக்கு மேலே எங்காவது, அழுத்தம் இல்லாத இடத்தில். டேப்பட் மூடியில் (எஞ்சினின் பக்கத்தில் வால்வுப் பகுதியை மூடியிருப்பது) ஒரு இணைப்பைப் பற்றவைத்து அதற்குள் விடுவது எனக்குப் பிடித்த முறை. ஒயில் டேப்பட்டுகளை நனைத்துக்கொண்டே சம்புக்கு இறங்கும். திரும்பும் பைப் கொண்டுபோகும் பைப்பை விட ஒரு அளவு பெரிதாகவும், வழியில் எங்கும் தொங்கி வளையாமல் சரிவாகவும் இருக்கட்டும். எக்சோஸ்ட் மெனிஃபோல்டிலிருந்து தள்ளியே கொண்டுபோங்கள். மூடியைக் காரில் வைத்துக்கொண்டு பற்றவைக்கவோ துளைக்கவோ கூடாது. கழற்றிச் செய்யுங்கள், துகள் உள்ளே விழுந்தால் ஃபில்டர் பூட்டுவதில் அர்த்தமே இல்லை.

பைப்புக்குச் செம்பு அழகாக இருக்கும், வளைக்கவும் சுலபம். ஆனால் செம்பு அதிர்வில் இறுகி, இணைப்புக்குப் பக்கத்தில் முடிபோல விரிசல் விடும். ஹவுசிங்கை எஞ்சினிலேயே பூட்டினால் இரும்புப் பைப் போடலாம். ஃபயர்வோலில் பூட்டினால் எஞ்சின் றப்பர் மவுண்டில் ஆடும், ஃபயர்வோல் ஆடாது. ஆகவே இரண்டு பக்கமும் ஒயிலுக்கென்றே செய்த ஹோஸ் வேண்டும். பெற்றோல் ஹோஸும் தண்ணீர் ஹோஸும் சூடான ஒயிலுக்கு ஆகாது.

ஹவுசிங்கைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? முதலில் எலிமெண்டைத் தேடுங்கள், ஹவுசிங்கை அப்புறம் முடிவுசெய்யுங்கள். கையில் இருக்கிற ஹவுசிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு எலிமெண்ட் கிடைக்காவிட்டால் பழைய இரும்புதான். 2022இல் சாமான் தட்டுப்பாடு வந்த நேரத்தில் சாதாரண வாகனங்களுக்கே ஃபில்டர் தேடி அலைந்தோம். உங்கள் லொறி ஹவுசிங்குக்குள் எலிமெண்டின் உயரம், வெளி விட்டம், இரண்டு முனைத் துளைகளின் விட்டம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கிடைக்காவிட்டால் பழைய மெஸி ஃபெர்கசன் ட்ரக்டரில் இருக்கிற வகை ஹவுசிங்கைப் பாருங்கள். தோட்டங்களில் ட்ரக்டர் ஓடுகிறவரை அதன் சாமான் கிடைக்கும். எதை எடுத்தாலும் குறைந்தது மூன்று எலிமெண்ட் வாங்கி வையுங்கள்.

டப்பா ஃபில்டர் போட்டால் இந்தத் தலையிடி இல்லையே என்று பாஸ் சொன்னால் அதில் உண்மை உண்டு. ஆனாலும் இந்த எஞ்சினுக்கு எலிமெண்ட் வகையையே நான் விரும்புவேன், ஏனென்றால் மாற்றும்போது எஞ்சின் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்கலாம். பழைய எலிமெண்டின் மடிப்புகளை பிளேடால் வெட்டி, ஒயிலைப் பிழிந்துவிட்டு, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுகிற துகள் இரும்பு: ரிங், சிலிண்டர், கியர். காந்தத்தில் ஒட்டாத, சாம்பல் நிறத்தில் மினுங்குகிற செதில் வைட் மெட்டல். அது நகக்கண் அளவுக்கு வந்தால் காரை எடுக்காதீர்கள், சம்பைக் கழற்றுங்கள். மஞ்சளாக மினுங்கினால் புஷ். வெறும் கறுப்புச் சேறு மட்டும் என்றால் நல்ல செய்தி. சிலிக்கோன் பசைத் துண்டுகள் கிடந்தால் யாரோ காஸ்கட்டுக்கு அளவுக்கு மேல் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எலிமெண்ட் போடுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் தவறுகள் எல்லாம் நடப்பது அங்கேதான். ஒயில் எலிமெண்டின் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் போக வேண்டும். நடுக்குழாயோடு சேர்கிற வாய்தான் வெளியேறும் வாய். மற்றது உள்ளே வரும் வாய். மாற்றிப் பூட்டினால் குப்பை மடிப்பின் உட்பக்கத்தில் சேரும், காகிதம் வெளிப்பக்கம் உப்பிப் பிய்ந்துபோகும்.

எலிமெண்ட் உட்காருகிற ஹவுசிங் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பிரிங், அதன் மேல் ஒரு இரும்புத் தட்டு, ஒரு கம்பளி வாஷர் என்று இருக்கும். கழுவும்போது இவை பழைய எலிமெண்டின் அடியில் ஒட்டிக்கொண்டே குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். அவை இல்லாவிட்டாலும் கிண்ணம் பூட்டும், ஒயில் ஒழுகாது, வெளியே ஒரு குறையும் தெரியாது. ஆனால் எலிமெண்டை மேலே அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் ஒயில் அதன் முனையைச் சுற்றி வடிபடாமலே போய்விடும். நான் பார்த்த ஒரு மைனரில் எலிமெண்ட் கடையிலிருந்து வந்ததுபோலவே வெள்ளையாக இருந்தது, ஒயிலோ தார். ஸ்பிரிங்கும் தட்டும் இல்லை.

அடுத்தது றப்பர் வளையம். ஹவுசிங் தலையில் ஒரு பள்ளம் இருக்கும், பழைய வளையம் அதற்குள் காய்ந்து தலையோடு தலையாகக் கறுத்துப்போய் இருக்கும். டோர்ச் அடித்து, கூரான கம்பியால் கிளறிப் பார்த்தால்தான் தெரியும். அதன் மேலேயே புது வளையத்தை வைத்துப் பூட்டினால் முதல் நாள் பிடிக்கும், ஒரு ஏற்றத்தில் வெளியே தள்ளிவிடும். பழையதை எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புது வளையத்துக்கு ஒயில் தடவி நாலு இடத்தில் விரலால் அமர்த்துங்கள். நடு போல்ட்டைப் பூட்டும்போதே கிண்ணத்தை இலேசாகச் சுழற்றிப் பார்த்தால் வளையத்தில் ஒழுங்காக உட்கார்ந்ததா என்று கையிலேயே தெரியும். போல்ட் வாஷரையும் மாற்றுங்கள். போல்ட்டை முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், ஒழுகினால் காரணம் வளையம்தான்.

இதையெல்லாம் பூட்டுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. ஒன்று, கேஜ். சிவப்பு லைட்டை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். முள் உள்ள பிரஷர் கேஜ் ஒன்றைத் தற்காலிகமாகவாவது பூட்டுங்கள். கினிகத்தேனைக்கு இறங்கி, அங்கிருந்து ஹட்டனுக்கு ஏறி வாருங்கள். வந்ததும் நிறுத்தாமல் ஐட்லில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். அதே அளவு ஓட்டத்தில் ஃபில்டர் பூட்டிய பிறகும் பாருங்கள். ஐட்லில் இரண்டு மூன்று இறாத்தல் குறைந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் குறைந்தால் துளை பெரிது. ஃபில்டர் பூட்டுவதற்கு முன்பே சூடான ஐட்லில் பத்து இறாத்தலுக்குக் கீழே நின்றால் ஃபில்டரை ஒத்திப்போடுங்கள். பம்ப், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங், பேரிங் என்று பார்க்க வேண்டிய எஞ்சின் அது. தேய்ந்ததை ஃபில்டர் திருப்பித் தராது.

இரண்டாவது, சம்ப். இந்தக் கார்கள் ஓடிய காலத்து ஒயிலில் அழுக்கைக் கழுவும் மருந்து கிடையாது. அழுக்கு அடியில் படிந்து கிடக்கட்டும் என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. இப்போதைய 20டபிள்யூ-50 ஒயில் அப்படி இல்லை, படிந்ததைக் கரைத்துக் கிளப்பும். உங்கள் தாத்தா எந்த ஒயில் ஊற்றினார் என்று தெரியாவிட்டால், சம்பைக் கழற்றிச் சேற்றை வழித்து, கம்பிவலையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத்தான் ஃபில்டரும் புது ஒயிலும். சம்ப் காஸ்கட் ஒன்று செலவாகும். செய்யாவிட்டால் கிளம்பிய சேறு அந்த வலையில் போய் ஒட்டி, பம்புக்கு மூச்சு முட்டும். முன்னால் ஏர் கிளீனரையும், ஒயில் மூடியின் சுவாச வழியையும் சுத்தம் செய்யுங்கள். தூசு உள்ளே வருகிற வாசல்கள் அவை, வாசலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டைப் பெருக்குவதில் பயனில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கிண்ணத்தில் ஒயிலை நிரப்புங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு கேஜ் முள் எழும்பும்வரை ஹேண்டிலால் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் எல்லா இணைப்பையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஃபில்டர் குடித்த அளவை ஊற்றுங்கள். பிறகு ஒரு ஓட்டம் போய்வந்து கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து அதுவும் சூடாக இருந்தால் ஒயில் ஓடுகிறது. எஞ்சின் கொதித்து, கிண்ணம் நுவரெலியாக் குளிரில் கிடந்ததுபோல இருந்தால் எலிமெண்டோ துளையோ அடைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை இப்படித் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பைபாஸ் ஃபில்டர் அடைபட்டால் வேறு எந்த அறிகுறியும் காட்டாது.

முதல் எலிமெண்டை 500 கிலோமீட்டரில் மாற்றுங்கள், அது முழுக்கப் பழைய சேற்றைத்தான் பிடித்திருக்கும். அதன் பிறகு 3000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒயில், ஒவ்வொரு இரண்டாவது தடவையும் எலிமெண்ட். அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை இரண்டும். கழற்றிய ஒயிலைக் கானில் ஊற்றிவிடாதீர்கள் தம்பி. உங்கள் வீட்டுக் கான் போய்ச் சேர்வது கொத்மலை ஓயாவுக்கு. கலனில் சேர்த்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

பழமை கெடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கெடாது. இந்த மாதிரி பைபாஸ் ஃபில்டரை அந்தக் காலத்திலேயே கார்க்காரர்கள் தனியாக வாங்கிப் பூட்டினார்கள், ஆகவே காலத்துக்குப் பொருந்தாத சாமான் என்று யாரும் சொல்ல முடியாது. பிளாக்கில் புதிதாக ஒரு துளையும் போடவில்லை. டேப்பட் மூடி ஒன்றில்தான் கை வைக்கிறோம். அதற்கும் வேறொரு பழைய மூடி தேடிப் பிடித்து அதில் பற்றவையுங்கள். தாத்தாவின் காரோடு வந்த மூடியையும், பிளாக்கிலிருந்து கழற்றிய பழைய இணைப்பையும் கிரீஸ் தடவி, ஒயில் காகிதத்தில் சுற்றி, பின் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.